மோட்டார் வண்டியின் மூச்சு



விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் கூடும் வேளையில், தோட்டத்து லாரி மேடேறி வரும் ஓசையை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். லாரி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் குரல் காதில் விழுந்துவிடும். அதே லாரியின் சைலன்சரில் துரு ஏறி ஓட்டை விழுந்துவிட்டால் என்ன ஆகும்? லயத்தில் தூங்கும் பிள்ளைகள் அலறி விழித்துக்கொள்ளும். கேட்பவர்கள், "அப்பா, என்ன வேகமாக வருகிறது!" என்று நினைப்பார்கள். ஆனால் லாரியோ முன்னைவிட மெதுவாகத்தான் ஏறிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் சத்தமும் சக்தியும் ஒன்றா, வேறா? வண்டியின் பின்னால் புகையைக் கக்கும் குழாய்க்கும் முன்னால் இருக்கும் எஞ்சினின் வலிமைக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைச் சிங்கப்பூர் நகரத்தின் வழியாக இன்று பார்ப்போம்.

சிங்கப்பூரில் நம்மவர்கள் தேக்கா என்று அழைக்கும் பகுதியும் சிராங்கூன் சாலையும் ஒரு காலத்தில் மாடுகளின் ஊராக இருந்தன. ரோச்சோர் ஆற்றங்கரையில் தண்ணீரும் புல்லும் கிடைத்ததால் மாட்டு வணிகம் அங்கே வளர்ந்தது. கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்பதே பொருள். எருமைச் சாலை என்று பொருள்படும் பஃபலோ ரோடு இன்றும் அங்கே இருக்கிறது. நகரத்துக்குள் பாரம் இழுத்தவை மாட்டு வண்டிகள். அவற்றை ஓட்டியவர்களில் நம்மவர்கள் பலர். பக்கத்திலே ஃபேரர் பார்க்கில் 1842-ஆம் ஆண்டு குதிரைப் பந்தயத் திடல் ஏற்பட்டது. 1933-ஆம் ஆண்டு பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. இருந்தாலும் ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது. பாரத்துக்கு மாடு, வேகத்துக்குக் குதிரை என்பதுதான் அந்நாளைய வழக்கம்.

இந்த ஊருக்கு 1896-ஆம் ஆண்டு ஒரு புதிய விலங்கு வந்தது. அது புல் தின்னவில்லை. காட்ஸ் சகோதரர்கள் என்ற வணிக நிறுவனம் ஜெர்மனியிலிருந்து வரவழைத்த பென்ஸ் மோட்டார் வண்டி அது. அக்காலத்து வழக்கறிஞரும் சிங்கப்பூரின் பழங்கதைகளை நூலாக எழுதியவருமான பக்லி என்பவர் அத்தகைய வண்டி ஒன்றை ஓட்டினார். அதன் கடகட ஓசையைக் கேட்ட ஊரார் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'காப்பி இயந்திரம்' என்று வைத்தார்கள். மோட்டார் வண்டியை மக்கள் முதலில் அறிந்துகொண்டது அதன் சத்தத்தை வைத்துத்தான். வேகத்தில் அது நல்ல குதிரைக்கு ஈடாகாது.

அந்த வண்டி வளர்ந்ததற்கு உங்கள் முன்னோர்களின் உழைப்பும் ஒரு காரணம் என்பதை இங்கே சொல்லவேண்டும். டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தை 1888-ஆம் ஆண்டு செய்து காட்டினார். அதே ஆண்டில்தான் ரிட்லி என்ற தாவர அறிஞர் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே, 1877-ஆம் ஆண்டு, 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்திருந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை ரிட்லி வகுத்துக் கொடுத்தார். பிறகு ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை ஒரே மாதிரியில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து தள்ளியது. அத்தனை வண்டிகளுக்கும் ரப்பர் வேண்டியிருந்தது. அந்த ரப்பரில் ஒரு பெரும் பங்கு மலாயாவிலும் இலங்கையிலும் நம்மவர்கள் பனியிலும் மழையிலும் வெட்டிய பாலிலிருந்து வந்ததுதான். உலகத்தின் மோட்டார் வண்டி பால்வெட்டுக்காரரின் விடியற்காலையின்மேல் ஏறி ஓடியது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஃபோர்டு நிறுவனம் தன் மலாயாக் கிளையை 1926-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கியது. புக்கிட் தீமாவில் வண்டிகளைப் பூட்டும் தொழிற்சாலை ஒன்றை 1941-ஆம் ஆண்டு திறந்தது. சில மாதங்களில் போர் வந்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் பிரிட்டிஷ் தளபதி ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்டது அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தில்தான். போருக்குப் பிறகு மறுபடியும் வண்டிகள் பூட்டப்பட்டன. 1980-ஆம் ஆண்டு தொழிற்சாலை மூடப்பட்டது. இன்று அந்தக் கட்டடம் ஒரு காட்சியகமாக இருக்கிறது.

சரி, இனி எஞ்சினுக்குள் சற்று எட்டிப் பார்ப்போம். அது தெரிந்தால்தான் மேற்கொண்டு சொல்லப்போகும் கதை விளங்கும்.

எஞ்சினும் நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுக்கிறது; அதை அழுத்துகிறது; தீப்பொறியால் எரிக்கிறது; எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இந்த வேலை நான்கு அறைகளில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு அறையும் ஒரு விநாடிக்கு 50 தடவை புகையைக் கக்குகிறது. ஒரு விநாடிக்கு 50 தடவை! கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பழைய புகை முழுவதும் போய்விடவேண்டும். போகாமல் தங்கிய புகை, புதிய காற்றுக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அறை நிறையப் புதிய காற்று இல்லாவிட்டால் நெருப்புக்கு வலு ஏது?

சாதாரண வண்டிகளில் புகை வெளியேறுவதற்கு வார்ப்பிரும்பினால் செய்த ஒரு கூட்டுக்குழல் இருக்கும். மெனிஃபோல்ட் என்று பட்டறைக்காரர்கள் சொல்வது அதைத்தான். மலிவானது, உறுதியானது, பல ஆண்டு உழைக்கும். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. நான்கு அறைகளின் புகையும் வெளியே வந்த உடனேயே ஒரு குறுகிய இடத்தில் முட்டிக்கொள்ளும்.

பிரட்டுக்களத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு லயத்து ஆட்களும் ஒரே நேரத்தில் ஒரு சிறிய கதவு வழியே வெளியேற முயன்றால் என்ன ஆகும்? ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு எல்லோரும் தாமதமாவார்கள். ஒவ்வொரு லயத்துக்கும் தனித்தனிப் பாதை அமைத்து, அந்தப் பாதைகள் ஒரே அளவு நீளமாக இருந்து, நான்கும் பெரிய சாலையில் போய்ச் சேரும்படி செய்துவிட்டால்? ஒரு லயத்தார் சாலைக்கு வந்து கடந்துபோன பிறகு அடுத்த லயத்தார் வந்து சேருவார்கள். நெரிசல் இல்லை.

இதே முறையில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு தனி எஃகுக் குழாய் வைத்து, நான்கையும் ஓரளவு தூரம் கொண்டுபோய், பிறகு ஒன்று சேர்த்தார்கள். அமெரிக்காவில் இதற்கு ஹெடர் என்று பெயர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பட்டறைகளில் எக்ஸ்ட்ராக்டர் என்பார்கள். இழுத்து வெளியேற்றுவது என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமானதே. எப்படி என்று கேளுங்கள்.

வேகமாகப் போகும் லாரியின் பின்னால் சாலையோரத்துச் சருகுகள் இழுபட்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? குழாயில் விரைந்து செல்லும் புகையும் தன் பின்னால் அப்படி ஓர் இழுவையை உண்டாக்குகிறது. அதுமட்டுமன்று. வால்வு திறந்ததும் குழாயில் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. குழாய்கள் ஒன்றுசேரும் அகன்ற இடத்தை அடைந்ததும் அந்த அலை உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. கிணற்றுச் சுவரில் பட்டு நம் குரல் திரும்புவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சரியான கணத்தில் வால்வுக்குத் திரும்பி வந்தால், தங்கிய புகையையும் உறிஞ்சி வெளியேற்றிவிடும். புதிய காற்றையும் உள்ளே இழுக்கத் தொடங்கிவிடும். குழாய் நீளமாகவோ குட்டையாகவோ போனால் அலை நேரம் தவறி வரும், பயன் கிடைக்காது. குழாய் அளவுக்கு மீறி அகலமாக இருந்தாலும் புகையின் ஓட்டம் தளர்ந்து, மேடேறும்போது வண்டி திணறும். ஆகவே எக்ஸ்ட்ராக்டரின் உயிர் அதன் அளவில் இருக்கிறது. சத்தம் அதனோடு ஒட்டிக்கொண்டு வருவது, அவ்வளவே.

இந்தக் கலை பந்தய வண்டிகளில் பிறந்து சாதாரண மக்களின் கைக்கு வந்தது அமெரிக்காவில். 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சினை எளியவர்களும் வாங்கும் விலையில் கொடுத்தது. போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் பழைய ஃபோர்டு வண்டிகளை வாங்கி, கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். குழாயைத் தாங்களே வளைத்து, தாங்களே பற்றவைத்துப் பூட்டினார்கள். 1950-களிலும் 60-களிலும் இதையே தொழிலாகக் கொண்ட சிறு நிறுவனங்கள் அங்கே தோன்றின. 1964-ஆம் ஆண்டு போன்டியாக் ஜி.டி.ஓ. என்ற வண்டியும் ஃபோர்டு மஸ்டாங் வண்டியும் வெளிவந்தன. நடுத்தர வண்டியில் பெரிய எஞ்சினை வைத்த ஜி.டி.ஓ. போன்ற வண்டிகளுக்கு மசில் கார், அதாவது கட்டுடல் வண்டி என்று பெயர் வந்தது. வாங்கியவர்களில் பலர் முதலில் செய்த வேலை, கனத்த வார்ப்பிரும்புக் குழலைக் கழற்றிவிட்டு ஹெடர் பூட்டியதுதான்.

அது எளிய வேலை அன்று. எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு இடப்பக்கம் நான்கு குழாய், வலப்பக்கம் நான்கு குழாய். இவை ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ஸ்டியரிங் பெட்டியையும் சுற்றி வளைந்து போகவேண்டும். பிளக் கம்பியில் குழாய் பட்டால் கம்பி கருகிவிடும். அமெரிக்காவில் ஸ்டியரிங் இடப்பக்கம். நம் நாடுகளில் வலப்பக்கம். ஆகவே அங்கே செய்த குழாயை இங்கே வாங்கி அப்படியே பூட்ட முடியாது. ஸ்டியரிங் தண்டு வந்து குறுக்கே நிற்கும். ஆஸ்திரேலியாவில் 1967-ஆம் ஆண்டு ஃபோர்டு ஃபால்கன் ஜி.டி.யும், 1968-ஆம் ஆண்டு ஹோல்டன் மொனாரோவும் வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்தன. அவற்றுக்கு வேறு வளைவில் குழாய் செய்யவேண்டியிருந்தது.

இப்போது சிங்கப்பூருக்குத் திரும்புவோம். சுற்றுலாப் பயணிகளை வரவழைக்கும் நோக்கத்தோடு 1961-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்கே ஒரு பெரிய கார்ப் பந்தயம் நடத்தப்பட்டது. அதற்கென்று தனித் திடல் கிடையாது. மேல் தாம்சன் சாலை என்ற பொதுச் சாலையையே மூடிவிட்டு ஓட்டினார்கள். ஒரு சுற்று ஏறத்தாழ 3 மைல், அதாவது 4.8 கிலோமீட்டர். ஒரு பக்கம் 'தாம்சன் மைல்' என்ற நேரான பகுதி. மறு பக்கம் காட்டுக்குள் வளைந்து நெளியும் பழைய சாலை. அதில் ஒரு திருப்பத்துக்கு 'டெவில்ஸ் பெண்ட்', பேய் வளைவு, என்று பெயர். சாலையோரத்தில் மரமும் விளக்குக் கம்பமும் ஆழமான கால்வாயும் இருந்தன. மழை பெய்தால் ஆபத்து இரட்டிப்பாகும்.

முதல் ஆண்டில் இயன் பார்ன்வெல் என்பவர் ஆஸ்டன் மார்ட்டின் வண்டியில் வென்றார். 1962-ஆம் ஆண்டு யோங் நாம் கீ ஜாகுவார் வண்டியில் வென்றார். அந்த ஆண்டு முதல் மலேசியப் பந்தயம் என்ற பெயரில் நடந்தது. சிங்கப்பூர் 1965-ஆம் ஆண்டு தனி நாடான பின், 1966 முதல் சிங்கப்பூர் கிராண்ட் பிரீ என்று பெயர் மாறியது. நியூசிலாந்தைச் சேர்ந்த கிரேம் லாரன்ஸ் 1969, 1970, 1971 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றார்.

பெரிய பந்தயத்தோடு, வீதியில் ஓடும் சாதாரண வகைக் கார்களுக்கும் போட்டிகள் நடந்தன. மினி கூப்பர், லோட்டஸ் கோர்ட்டினா முதலியவை அக்காலத்துப் புகழ்பெற்ற வண்டிகள். மினி வண்டியில் ஒரு விந்தை உண்டு. அதன் எஞ்சினில் அறைகள் நான்கு. ஆனால் புகை வெளியேறும் வாய்கள் மூன்றே மூன்று. நடு அறைகள் இரண்டும் ஒரே வாயைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே நடுக்குழாயை மட்டும் நீளமாக விட்டு, இரண்டு ஓரக் குழாய்களை முதலில் சேர்த்து, கடைசியில் நடுக்குழாயோடு இணைக்கும் ஒரு தனி எக்ஸ்ட்ராக்டர் அதற்கு வழங்கியது. கண்ணுக்குக் குட்டி வண்டி. ஆனால் மொந்தே கார்லோ நெடுந்தூரப் போட்டியில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் பெரிய வண்டிகளை முந்தி வென்றது. சத்தத்தில் அதைவிடப் பெரிய வண்டிகள் எத்தனையோ அங்கே இருந்தன.

இத்தகைய வேலைக்குச் சாமான் எங்கே கிடைத்தது? தேக்காவிலிருந்து சற்று நடந்தால் ஜாலான் புசார். அந்த வட்டாரத்துத் தெருக்களில் மோட்டார் உதிரிப் பாகக் கடைகளும் இரும்புச் சாமான் கடைகளும் வரிசையாக இருந்தன. பக்கத்தில் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை. 1930-களில் வளர்ந்த இந்தச் சந்தையைத் 'திருட்டுச் சந்தை' என்றும் மக்கள் விளையாட்டாகச் சொல்வார்கள். பிரிட்டிஷ் படையினர் கழித்துவிட்ட பொருள்களும் ஒரு காலத்தில் அங்கே விலைபோயின. புதிதாக வாங்கப் பணம் இல்லாதவன், பழையதில் நல்லதைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்வான். அந்தத் தேர்வே ஒரு கல்வி.

எக்ஸ்ட்ராக்டர் பூட்டும் கைவேலையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது பட்டறையில் வேலை பழகினால் பயன்படும்.

பழைய குழலின் போல்ட்டுகள் ஆண்டுக்கணக்காகச் சூட்டில் வெந்து இறுகிப்போயிருக்கும். அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டால் தலை முறிந்துவிடும். பிறகு முறிந்த துண்டைத் தோண்டி எடுக்க ஒரு நாள் ஆகும். ஆகவே முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைப்பார்கள். அடுத்து, புதிய குழாயின் முகம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பற்றவைக்கும்போது சூட்டில் அது வளைந்திருக்கக்கூடும். அரம் போட்டுச் சமமாக்கவேண்டும். புதிய கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி, சிறுகச் சிறுக இறுக்கவேண்டும். எஞ்சினை ஒரு தடவை சூடாக்கி, முழுவதும் ஆறவிட்டு, மறுபடியும் இறுக்கவேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் சில நாளில் 'டிக் டிக்' என்று புகை கசியும் ஓசை கேட்கும். மூச்சு எளிதானதும் எஞ்சின் கூடுதலாகக் காற்றை இழுக்கும். அதற்கேற்பப் பெட்ரோலும் கூடவேண்டும். ஆகவே கார்பரேட்டரின் ஜெட்டைச் சரிபார்க்கவேண்டும். பார்க்காவிட்டால் எஞ்சின் மிகையாகச் சூடேறி வால்வு கருகிவிடும்.

இதில் இரண்டு ஆபத்துகளை மறக்கக்கூடாது. முதலாவது, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு. எஞ்சின் புகையில் கலந்திருக்கும் இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விட்டால், தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிரையே வாங்கிவிடும். குழாய் கசிந்து வண்டிக்குள் புகை புகுந்தாலும் இதே கேடுதான். வேலை செய்யும்போது கதவு, சன்னல் எல்லாம் திறந்திருக்கவேண்டும். இரண்டாவது, பழைய நாளில் குழாயின் சூடு வெளியே வராமலிருக்க ஆஸ்பெஸ்டாஸ் நாடாவைச் சுற்றுவார்கள். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று ஐயமற அறிந்த உண்மை. பழைய வண்டியில் அத்தகைய நாடாவைக் கண்டால் கையால் பிய்க்கவோ காற்றடித்து ஊதவோ கூடாது. ஓட்டியவர் பெயர் செய்தித்தாளில் வந்தது. நாடா சுற்றியவர் இருமியது யாருக்குத் தெரியும்?

வேகத்துக்கு ஓட்டுநர்களும் விலை கொடுத்தார்கள். மேல் தாம்சன் சாலையில் 1972-ஆம் ஆண்டிலும் 1973-ஆம் ஆண்டிலும் பந்தயத்தின்போது ஓட்டுநர்கள் உயிரிழந்தார்கள். பாதுகாப்புக் குறைவும் போக்குவரத்து இடைஞ்சலும் எடுத்துச் சொல்லப்பட்டன. 1973-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியரான வெர்ன் ஷுப்பன் வென்ற பந்தயமே அந்தச் சாலையில் நடந்த கடைசிப் பந்தயம். அதே ஆண்டு அக்டோபரில் உலக எண்ணெய் நெருக்கடியும் தொடங்கியது. பெட்ரோலை அள்ளிக் குடித்த கட்டுடல் வண்டிகளின் காலம் அமெரிக்காவிலும் அத்தோடு சாய்ந்தது.

அதன்பின் சிங்கப்பூர் வேறு பாதையில் நடந்தது. 1975-ஆம் ஆண்டு ஜூன் மாதம், காலை நெரிசலில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி கட்டணம் விதித்தது. 1990-ஆம் ஆண்டு முதல், வண்டி வாங்க விரும்புபவர் அதற்கான உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்கவேண்டும் என்ற முறை வந்தது. ஈயம் கலவாத பெட்ரோல் 1991-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் 1998-ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டது. புகையைத் தூய்மையாக்கும் கருவிகள் சைலன்சருக்கு முன்னால் இடம்பிடித்தன. இன்று புகைக்குழாயை மாற்ற விரும்புபவர் சத்தத்துக்கும் புகைக்கும் உரிய விதிகளுக்கு உட்பட்டே மாற்றவேண்டும். பழம்பெரும் வண்டிகளை வைத்திருப்போர்க்குத் தனித் திட்டம் உண்டு. அதன்படி ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்களே சாலையில் ஓட்டலாம். நகர நடுவில் இருந்த பட்டறைகளில் பல, சின் மிங், காக்கி புக்கிட் போன்ற தொழிற்பேட்டைகளில் இடம்பெற்றன. சுங்கை ரோடு சந்தை 2017-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் மூடப்பட்டது.

பந்தயம் மட்டும் திரும்பி வந்தது. 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில், மரினா பே வட்டாரத்தில், காப்புச் சுவர்களுக்கு நடுவே, விளக்கொளியில் இரவுப் பந்தயமாக நடந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2012-ஆம் ஆண்டு அதில் ஓட்டினார். உலகப் பந்தயங்களின் உச்ச வகுப்பில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். சென்னைக்கு அருகே சோழவரத்தில் பழைய விமானத் தளத்தில் பந்தயங்கள் நடந்த காலம் தொட்டுத் தமிழ்நாட்டிலும் இந்தக் கைவேலை வளர்ந்து வந்திருக்கிறது.

நேயர்களே, உங்களில் பலர் வீட்டில் கார் இராது. மோட்டார் சைக்கிள் இருக்கும். அதன் சைலன்சரை வெட்டிவிட்டு ஓட்டினால் வேகம் கூடும் என்று சில இளைஞர்கள் நம்புகிறார்கள். அவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன்.

1950-களில் கிழக்கு ஜெர்மனியில் வால்ட்டர் காடன் என்ற பொறியாளர் எம்.இசட். என்ற மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வேலை செய்தார். பணமும் நல்ல உலோகமும் அவருக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை. அவர் செய்தது, சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் புகைக்குழாயை நடுவில் பருத்தும் முனையில் ஒடுங்கியும் இருக்கும்படி வடிவமைத்ததுதான். தப்பி வெளியேறும் புதிய பெட்ரோல் காற்றை, திரும்பி வரும் அலை மறுபடி எஞ்சினுக்குள் தள்ளிவிடும். இந்த நுட்பத்தை அறிந்திருந்த ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர், சிங்கப்பூரில் முதல் பந்தயம் நடந்த அதே 1961 செப்டம்பரில், மேற்கு நாட்டுக்குத் தப்பிச் சென்று ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகி வண்டியில் 50 சி.சி. வகுப்பின் உலகப் பட்டத்தை வென்றார். ஒரு குழாயின் வடிவத்துக்காக நாடுகள் போட்டியிட்டன! அந்தக் குழாயை நம் பிள்ளை இரும்பறுக்கும் வாளால் அறுத்து எறிந்தால், ஒரு பொறியாளரின் பல ஆண்டு உழைப்பை அறுத்து எறிகிறான். சத்தம் கூடும்; இழுவை குறையும். பக்கத்து லயத்தில் இரவு வேலை முடிந்து தூங்குபவரின் தூக்கமும் கெடும். நிறைகுடம் தளும்பாது என்று நம் பெரியவர்கள் சொன்னது எஞ்சினுக்கும் பொருந்தும்.

பிள்ளைக்கு எஞ்சினில் ஆசை இருந்தால் அதைத் தடுக்கவேண்டாம், பெற்றோர்களே. வாளை வாங்கி வைத்துவிட்டு, கையில் அளவுகோலைக் கொடுங்கள். நல்ல பட்டறையிலோ தொழிற்பயிற்சிப் பள்ளியிலோ சேர்த்துவிடுங்கள். தாத்தா பட்டைக்குக் காயமின்றி, மயிரிழை பிசகாமல் மரம் வெட்டியவர். அந்தக் கையின் நிதானம் பேரனுக்கும் இருக்கும்.

பேய் வளைவு இருந்த பழைய மேல் தாம்சன் சாலை இன்றும் காட்டோரமாகக் கிடக்கிறது. ஒரு காலத்தில் எஞ்சின்கள் அலறிய அந்தச் சாலைக்கு மேலே, குரங்குகள் வண்டியில் அடிபடாமல் மரம் விட்டு மரம் கடப்பதற்காகக் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள்.